தோமையார் வேஷம்

எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் நான் டீச்சர் ஆனேன். அதற்கு முன்பும் பின்பும் எனக்குத் தெரிந்த வேலை உப்பு வாருவது ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வரும் சாமியார் ஒருநாள், "நீதாம்மா படிச்ச பொண்ணு, பிள்ளைங்கள நீ பாத்துக்க" என்று ஒரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அளத்தில் என்னோடு வேலை செய்தவர்கள்கூட என்னை டீச்சரு என்றே கூப்பிட்டார்கள். கேலியாகத் தொடங்கியது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

மரக்காணத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடந்த மணல்மேட்டில் எங்கள் குடியிருப்பு. பத்துப் பன்னிரண்டு வீடுகள் எங்களைப் போலக் கிறிஸ்தவர்கள், ஊரில் வேதக்காரர்கள் என்பார்கள். மற்றவர்கள் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். எங்கள் கோயில் ஓடு போட்ட ஒரே அறை. பீடத்தில் மாதா இல்லை, தோமையார் சுரூபம்தான் இருந்தது. எந்தக் காலத்தில் யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆண்டவருடைய பன்னிரண்டு சீடர்களில் ஒருவர், கப்பலேறி நம் கடற்கரைக்கே வந்தவர், மயிலாப்பூரில் இறந்தவர் என்பதில் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புத்தகத்திலிருந்து அவர் கதைகளைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மற்றப் பாடங்களை அவர்கள் கேட்கவில்லை. கதை என்றால் வேதக்காரப் பிள்ளைகள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி வந்தவள்தான் அந்தப் பெண்.

அவளுக்கு ஒன்பது வயது. அவள் அம்மா எங்கள் அளத்திலேயே கூடை தூக்குகிறவர். அப்பா சென்னையில் கட்டட வேலை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். அந்த அக்கா நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறவர். ஆனால் மகள் எங்கள் கோயிலுக்கு வருவதைத் தடுத்ததில்லை. "அங்கயாவது ஒரு எடத்துல குந்தறாளே, குந்தட்டும்" என்பார்.

அவள் ஒரு எடத்தில் குந்தினாள்தான், ஆனால் சும்மா இருக்கவில்லை. எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி. யானைகள் கட்டி இழுத்தும் அசையாத மரத்தைத் தோமையார் தன் இடுப்புக் கயிற்றைக் கட்டி ஒரே ஆளாக இழுத்தார் என்று சொன்ன அன்று மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள், "கயிறு அறுந்துடாதா டீச்சர்?" என்றாள்.

"அறுந்துடல."

"நீங்க பாத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. "தோமையாரும் உன்ன மாதிரிதான். ஆண்டவர் உயிரோட எழுந்துட்டார்னு மத்தவங்க சொன்னப்ப, காயத்துல விரல விட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சொன்னவரு. அப்புறம் நம்பினாரு. பாக்காமயே நம்புறவங்களதான் ஆண்டவருக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரி" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான் அடைந்த சின்ன வெற்றியாக அது அப்போது எனக்குத் தோன்றியது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடலாம் என்று சொன்னவள் நான்தான். மாட்டுத்தொழுவ நாடகம் ஒவ்வொரு வருஷமும் போடுகிறார்கள், இந்தத் தடவை நம் தோமையார் கதையைப் போடலாம் என்றேன். மரம் இழுக்கிற கதை. அந்த மரத்தை அவர் கரையில் கம்பமாக நட்டு, கடல் இதைத் தாண்டாது என்று சொன்ன கதை. தோமையார் வேஷத்துக்கு நான் தேர்ந்தெடுத்த பையன் ஒத்திகையில் வாய் திறக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த இவள்தான் அவன் வசனத்தையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேஷத்தை அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவளுடைய தோழி, பக்கத்து வீட்டுப் பெண், ஒரு வயது பெரியவள். அவளும் இன்னொருத்தியும் கடல். ஒரு நீலச் சேலையை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிக்கொண்டே வர வேண்டும். சேலை அந்த அக்காவுடையது.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் கோயில் வாசலில் நாடகம் நடந்தது. என் பழுப்புத் துப்பட்டாவை முறுக்கி அவள் இடுப்பில் கட்டியிருந்தேன். யானைகளாக வந்த பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அவள் சவுக்குக் கட்டையை இழுத்துவந்து மணலில் நட்டாள். நீலச் சேலை ஆடிக்கொண்டே வந்தது. கையை நீட்டி, "கடலே, இதோட நில்லு. இதுக்கு மேல ஜனங்க இருக்காங்க" என்றாள். சேலை நின்றது. அம்மன் கோயில்காரர்களும் கை தட்டினார்கள். அவள் அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'இதுக்கு மேல ஜனங்க இருக்காங்க' என்பது புத்தகத்தில் இல்லை. நான் எழுதிச் சேர்த்தது.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்குப் பூசை என்று நான் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கூச்சல் கேட்டது. சண்டை என்றுதான் நினைத்தேன். வாசலுக்கு வருவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கறுப்பாக, மண்ணும் முள்ளும் கட்டுமரத் துண்டுகளுமாக வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கழுத்துவரை ஏறியது. என்னைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, உப்பளம் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதே வேகத்தில் திரும்பி இழுத்தது.

அந்த அக்கா அப்போது மரக்காணம் கடைத்தெருவில் இருந்தார். தலைதெறிக்க ஓடிவந்து மகளைத் தேடினார். அன்று முழுவதும் தேடினோம். மறுநாள் காலையில்தான், அளத்து வரப்பை ஒட்டிய சீமைக்கருவேல மரங்களுக்குள் ஆண்கள் அவளைக் கண்டெடுத்தார்கள். எங்கள் குடியிருப்பில் அன்று போனவர்களில் அவளும் ஒருத்தி. எல்லோரையும் ஒரே இடத்தில்தான் புதைத்தோம். சாமியார் ஜெபம் சொன்னார், அம்மன் கோயில் பூசாரி கற்பூரம் ஏற்றினார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

எங்களை ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், தண்ணீர் லாரியின் பக்கத்தில் நான் குடத்தோடு நின்றபோது அந்தத் தோழி என்னிடம் வந்தாள். கை காலெல்லாம் முள் கிழித்த காயம்.

"டீச்சர், நாங்க ரெண்டு பேரும்தான் கடலுக்குப் போனோம். அந்தக் கட்டைய எடுத்துக்கினு போய் நட்டு மறுபடி வெளாடினோம். கடல் உள்ள போயிடுச்சு டீச்சர். ரொம்ப தூரம் போயிடுச்சு. அப்புறம் பெருசா வந்துச்சு. நான் ஓடி வந்துட்டேன். சவுக்கு மரத்துல ஏறிட்டேன். அவ ஓடல. கைய நீட்டிக்கினு நின்னா."

"இன்னா சொன்னா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நாடகத்துல சொன்னததான் டீச்சர்."

நான் அப்போது செய்ததை இன்றுவரை என்னால் சரி என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்தக் குழந்தையை நான் கட்டிக்கொள்ளவில்லை. தோளைப் பிடித்து, "இத யார்கிட்டயும் சொல்லாத. அவங்க அம்மாகிட்ட சொல்லவே சொல்லாத. தாங்க மாட்டாங்க" என்றேன். அந்த அம்மாவுக்காகத்தான் சொல்கிறேன் என்று நானே நம்பினேன். அவள் தலையாட்டிவிட்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காலங்காத்தால அவ எதுக்கு கடலாண்ட போனா? உங்கிட்ட எதனா சொன்னாளா டீச்சரு?"

"தெரியலக்கா" என்றேன்.

அடுத்த வாரம் யாரோ ஒரு செய்தி கொண்டுவந்தார்கள். மயிலாப்பூரில் தோமையார் கோயில் பக்கம் கடல் ஏறவில்லையாம், அவர் நட்ட கம்பம்தான் தடுத்ததாம். எங்கள் ஆட்களில் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே நின்ற கடல் இங்கே ஏன் நிற்கவில்லை என்று கேட்க ஒன்பது வயதில் ஒருத்தி இருந்தாள். கேட்காதே, நம்பு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பொங்கல் கழிந்ததும் சாமியார் வகுப்பைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். தவக்காலத்தில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது, நான் சொன்ன கதையால் ஒரு பிள்ளை போய்விட்டது என்று சொன்னேன். "அது உன் பாவம் இல்ல, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குரலில் அன்பு இருந்தது. ஆனால் தோழியின் வாயை நான் அடைத்ததை அவரிடம் சொல்லவில்லை. பாதியை மறைத்துவிட்டு வாங்கிய மன்னிப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருஷம் எங்கள் அளத்தில் உப்பு விளையவில்லை. பாத்திகளெல்லாம் கடல் மணலும் சேறும் மூடிக் கிடந்தன. அரசாங்கம் போட்டுக்கொடுத்த தார்ஷீட் கொட்டகைகளில் இருந்துகொண்டு சேறு அள்ளுகிற வேலைக்குப் போனோம். அந்த அக்கா பெரும்பாலும் எனக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அவர் நிரப்பிக் கொடுக்கும் கூடையை நான் வாங்கிக் கொட்டுவேன். மகளைப் பற்றி அதிகம் பேச மாட்டார். திடீரென்று, "அன்னிக்கு எவ்ளோ நல்லா நடிச்சா, இல்ல?" என்பார். நான் ஆமாம் என்பேன்.

தோழி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். முதலில் கவனிக்கவில்லை, எல்லாப் பிள்ளைகளும் அப்போது அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் மற்றவர்கள் மெதுவாகத் தேறினார்கள். இவள் தேறவில்லை. வழியில் என்னைப் பார்த்தால் நின்றுவிடுவாள். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நான் தாண்டிப் போனபிறகுதான் கையை எடுப்பாள். ஒரு வருஷம் இப்படியே போனது. இரண்டாயிரத்து ஆறு பொங்கல் முடிந்த சமயம், தண்ணீர்க் குழாயடியில் அவள் அம்மா என்னை நிறுத்தினார்.

"ஸ்கூல்ல வாயே தொறக்கறது இல்லயாம், டீச்சருங்க கூப்ட்டு கேக்கறாங்க. வூட்லயும் ரெண்டு வாய் சோறு தின்னா பெருசு. உன்ன பாத்தா மட்டும் வாய பொத்திக்கிறா. எதனா திட்டினியாம்மா நீ?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் போதும் என்பதுபோலக் கேட்டார். நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு அந்தக் குழந்தையைத் தேடிப் போனேன். கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் கல்லாட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை வாய்க்குப் போனது. எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் தப்பா சொல்லிட்டேன்டா. நீ சொல்லலாம். யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

அவள் கையை எடுக்காமலே, விரல்களுக்கு நடுவிலிருந்து, "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

மறுநாள் சொன்னேன். கடல் ஏறியபிறகு அந்த வருஷம்தான் பாத்திகளில் முதல் உப்பு பூத்திருந்தது. காலை வெயிலில் அந்த அக்கா பலகையால் உப்பை வரப்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்று, கட்டையை நட்டதிலிருந்து கையை நீட்டி நின்றதுவரை, ஒன்றையும் விடாமல் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று தோழியை நான் தடுத்ததையும் சொன்னேன். அவர் பலகையை நிறுத்தவில்லை. நான் முடித்தபிறகுதான் நிமிர்ந்தார்.

"எப்போத்திலேர்ந்து தெரியும் உனக்கு?"

"மூணாம் நாள்லேர்ந்துக்கா."

"ஒரு வருஷத்துக்கு மேல என் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்த."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அக்கா" என்றேன்.

"கதைய சொன்னதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். தெனம் கூடைய என் கையிலேர்ந்து வாங்கின பாரு, அதான் எனக்கு ஆறல," என்றார். பலகையை எடுத்துக்கொண்டு தள்ளியிருந்த வேறு பாத்திக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அவர் நேராகத் தோழியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். குழந்தையை மடியில் உட்கார்த்தி வைத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். குழந்தையின் அம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேரும் கட்டிக்கினு அழுதாங்க. நீ ஓடி வந்தது நல்லதுடி, நீ ஓடலன்னா எனக்கு யாரு இத சொல்லியிருப்பாங்கன்னு அவங்க சொன்னாங்க. அப்புறம் என் பொண்ணு தட்டு நெறைய சோறு துன்னுது." அடுத்த வாரங்களில் அவள் பேசத் தொடங்கினாள். என்னைப் பார்த்தால் வாயைப் பொத்துவதும் நின்றது. அதற்காக என்னோடு பேசினாள் என்றும் இல்லை.

அந்த அக்கா அந்தப் பருவம் முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஷேர் ஆட்டோவில் போனாலும் வெளியே பார்த்துக்கொண்டு வருவார். அது நியாயம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் தினமும் காலையில், இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்வாரா என்று பார்ப்பேன்.

ஆவணி மாதம், மழைக்கு முன்னால் உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கொட்டகை நிழலுக்குப் போனபோது, நான் குவியலின் இந்தப் பக்கத்து நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் தூக்குவாளியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தத் தோமையாரு கதைய எனக்குச் சொல்லு" என்றார்.

நான் என் தூக்குவாளியை மூடி வைத்தேன்.

"அவளுக்குச் சொன்னல்ல. எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு."

சொன்னேன். இந்தியாவுக்குப் போ என்று ஆண்டவர் சொன்னபோது, அவ்வளவு தூரம் என்னால் முடியாது என்று அவர் மறுத்தது. ஒரு வியாபாரியிடம் அடிமையாக விற்கப்பட்டு, தச்சனாகக் கப்பலேறி வந்தது. ராஜா அரண்மனை கட்டச் சொன்னால், அதற்கான பொருளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் அரண்மனை பரலோகத்தில் இருக்கிறது என்று சொன்னது. அதற்கு அக்கா லேசாகச் சிரித்தார். மரத்தை இழுத்த இடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

"சொல்லு."

கம்பத்தை நட்டதையும், கடலுக்குச் சொன்னதையும் சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்புறம் அவுருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

இது நான் பிள்ளைகளுக்குச் சொல்லாத பகுதி. சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் கம்பத்தோடு நிறுத்திவிடுவேன். "கொன்னுட்டாங்கக்கா" என்றேன். "மலை மேல ஜெபம் பண்ணிக்கினு இருந்தப்ப பின்னாலேர்ந்து ஈட்டியால குத்திட்டாங்கன்னு சொல்றாங்க. இன்னொரு கதையும் இருக்குது. காட்டுல மயிலுங்களுக்கு நடுவுல முழங்கால் போட்டுக்கினு இருந்தாராம். வேடன் ஒருத்தன் மயிலக் குறி பாத்து அம்பு வுட்டான். அது இவர் மேல பட்டுடுச்சாம்."

"தெரியாம வுட்டதா?"

"தெரியாமதான்."

"கடலையே நிறுத்தினவரு. தன்ன காப்பாத்திக்கலயா?"

"இல்லக்கா."

அவர் கொஞ்சம் சோறு சாப்பிட்டார். "அவுருக்கு அம்மா இருந்தாங்களா?"

"தெரியலக்கா. புஸ்தகத்துல இல்ல."

"எழுத மாட்டாங்க" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்தார். எழுந்து நின்றபிறகு கேட்டார்: "அந்த வேடன் அப்புறம் இன்னா ஆனான்?"

"அதுவும் இல்லக்கா."

அவர் என்னைப் பார்த்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார். கண்ணைச் சுற்றி உப்பு வெயில் கறுக்கடித்திருந்தது. மேஸ்திரி கூப்பிடும் சத்தம் கேட்டு ஓலைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மழைக்காலத்தில் அவர் குடியிருப்பை விட்டுக் கிளம்பினார். பாண்டிச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். வீட்டு ஆண்களெல்லாம் துபாயில், பெரியம்மாவும் மருமகள்களும்தான் இருந்தார்கள். தங்கி வேலை. கணவர் எப்போதும்போலச் சென்னையில்தான் இருந்தார். கடல் தெரியாத தெரு என்பதால் ஒத்துக்கொண்டதாகத் தோழியின் அம்மாவிடம் சொன்னாராம். புறப்படும்போது எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. போயிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

நான் அதற்குப் பிறகு மறைக்கல்வி எடுக்கவில்லை. கல்யாணமாகி பாண்டிச்சேரிப் பக்கம் வந்துவிட்டேன். என் பிள்ளைகள் தோமையார் கதையை அவர்களுடைய டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கம்பக் கதையைச் சின்னவன் ஒருநாள் வீட்டில் சொன்னபோது, "அப்படிச் சொல்றாங்க. யாரும் பாத்தது இல்ல. கடல் பெருசா வந்தா ஓடணும்" என்றேன். அவன் நான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த அக்காவைப் பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில். கோட்டக்குப்பத்து வீட்டு மருமகள் ஒருத்தியோடு ஏதோ விசேஷத்துக்கு வந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. அவர்தான் முதலில் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார். அம்மா எப்படி இருக்கிறார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பல்வலி, பிடுங்கச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது என்றார். கூட வந்த பெண், யார் என்று கேட்டாள்.

"எங்க ஊரு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எம் பொண்ணுக்கு டீச்சரு" என்றார்.

புதுச்சேரி பஸ் வந்தது. கூட்டத்தில் இடம் பிடிக்க அந்தப் பெண் முன்னால் ஓடினாள். அவர் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். அதே பஸ்ஸில்தான் நானும் போக வேண்டியிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட்டேன்.